மிக்கேல் நேரம்

சென்ற வாரம் பெனாசிர் எனக்கு ஒரு புகைப்படம் அனுப்பியிருந்தாள். தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் காளான் வடிவத்தில் ஒரு சிறிய வெள்ளை ஆன்டெனா. உப்புக் காற்றில் அதன் அடிப்பகுதி துருவேறிச் சிவந்திருந்தது. கம்பியில் கட்டிய பிளாஸ்டிக் அட்டையில், மை மங்கியும் படிக்க முடிகிற நிலையில், என் கையெழுத்து: 'கேட்காமல் தொடாதே. கேட்டாலும் தொடாதே.'

படத்தின் கீழே அவள் எழுதியிருந்தாள்: "அக்கா, எல்லாத்தையும் கிளவுடுக்கு மாத்துறாங்க. இதக் கழட்டலாமான்னு கேக்காங்க. எதுக்கு வச்சதுன்னு இங்க ஒருத்தருக்கும் தெரியல. ஜெயசீலி மேடம்ட்ட கேட்டா, கனிட்ட எழுதி வாங்குன்னு சொல்லுதாங்க."

பெனாசிர் காயல்பட்டினத்துப் பெண். நான் வேலையை விட்டபோது என் நாற்காலிக்கு வந்தவள். அந்த ஆன்டெனாவைப் பற்றி என்னைவிட நன்றாக அறிந்தவர் அன்று என் மேலதிகாரியாக இருந்த ஜெயசீலி மேடம். அவரே சொல்லியிருக்கலாம். என்னிடம் எழுதி வாங்கச் சொன்னால் அது உத்தரவு என்று பொருள். எனவே எழுதுகிறேன்.

பணி ஓய்வு பெற்றவர்கள் எழுதுகிற வகைக் கட்டுரை இது. எனக்கு இன்னும் முப்பது வயது ஆகவில்லை. இப்போது முதுகலைத் தமிழிலக்கிய மாணவி. ஆனாலும் என்னை வழியனுப்பியபோது, ஓய்வு பெறுகிறவர்களுக்குச் செய்வதையெல்லாம் எனக்கும் செய்தார்கள்: சந்தன மாலை, பொன்னாடை, வண்ணத்தாளில் சுற்றிய ஒரு சுவர்க் கடிகாரம். வேறு மாதிரி வழியனுப்பி அவர்களுக்குப் பழக்கமில்லை. அதனால் இந்த உரிமையை எடுத்துக்கொள்கிறேன்.

நான் ஏரலில் பலசரக்குக் கடை வைத்திருப்பவரின் மகள். வீட்டார் கணினி படிக்கச் சொன்னார்கள், படித்தேன். தூத்துக்குடியில், துறைமுகச் சாலையில் இருந்த ஒரு தனியார் கன்டெய்னர் முனையத்தில் சர்வர் அறைக்கு ஆள் எடுத்தார்கள், சேர்ந்தேன். முதல் ஆண்டு முழுவதும் கேபிளுக்குப் பெயர் ஒட்டினேன். மறந்துபோன கடவுச்சொற்களை மாற்றிக் கொடுத்தேன். மின்விசிறிகளில் படிந்த உப்புத் தூசியைத் தூரிகையால் தட்டினேன். பயிற்சி என்று சொல்லத்தக்கது இவ்வளவுதான். மற்றது ஜெயசீலி மேடத்தைப் பார்த்து அறிந்தது.

அவர் நாசரேத்துக்காரர். தாய் தந்தை இருவரும் பள்ளி ஆசிரியர்கள். சர்வர் அறையின் குளிருக்கு, அம்மா பின்னிக் கொடுத்த அரக்கு நிற ஸ்வெட்டரைச் சேலைமேல் அணிந்துகொள்வார். மே மாத வெயிலில் அந்த ஸ்வெட்டருடன் அவர் தேநீருக்குக் கீழே இறங்கி வரும்போது, லாரிக்காரர்கள் அவரைக் காய்ச்சல்காரரைப் பார்ப்பதைப்போலப் பார்ப்பார்கள்.

எந்தக் கோளாறு வந்தாலும் அவருடைய முதல் கட்டளை, "கைய எடு." விசைப்பலகையிலிருந்து எல்லோரும் கையை எடுக்க வேண்டும். யாராவது ஓர் இயந்திரத்தை அணைத்து மீண்டும் இயக்கிவிட்டால் அன்று முழுவதும் அவரோடு பேசமாட்டார். பிறகு வெள்ளைப் பலகையில் ஒரு கோடு கிழிப்பார். கோட்டுக்கு இடப்பக்கம் 'பார்த்தது', வலப்பக்கம் 'நினைத்தது'.

"சொல்லு."

"நெட்வொர்க் போயிருக்கும் மேடம்."

"போயிருக்கும்னா? நீ போய் வழியனுப்பி வச்சியா?"

அது வலப்பக்கம் போய்விடும். எங்கள் பேச்சில் பெரும்பகுதி வலப்பக்கம் போகும். இடப்பக்கம் நிரம்பும்வரை அவர் நாற்காலியில் சாய்ந்து, கோயில் பாட்டு ஒன்றை மூக்கால் முணுமுணுத்துக்கொண்டிருப்பார். எந்தப் பாட்டு என்று ஒரு நாளும் பிடிபடவில்லை. அவருக்கு ஏதோ அகப்பட்டுவிட்டது என்பதற்கு ஒரே அடையாளம், அந்த முணுமுணுப்பு நின்றுவிடுவது.

இனி வரப்போவது புரிய இரண்டு சொற்களை மட்டும் விளக்கிவிடுகிறேன். எங்கள் முனையத்தின் எல்லாக் கணக்குகளும் ஒரே வேலையைச் செய்யும் இரண்டு சர்வர்களில் இருந்தன. ஒன்று படுத்தால் மற்றது சுமையை ஏற்றுக்கொள்ளும். இந்த ஜோடிக்குக் கிளஸ்டர் என்று பெயர். யார் உள்ளே வரலாம், எந்த இயந்திரம் எந்த இயந்திரத்தை நம்பலாம் என்று தீர்ப்பது டைரக்டரி; அதுவும் வேறு இரண்டு சர்வர்களில் இருந்தது. அது கேட்பவருக்கு ஓர் அனுமதிச் சீட்டு தரும். சீட்டில் நேரம் குறித்திருக்கும். அதை வாங்கிப் பார்க்கிற இயந்திரத்தின் கடிகாரத்துக்கும் சீட்டின் நேரத்துக்கும் ஐந்து நிமிடத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால், யாரோ பழைய சீட்டைத் திருடிக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று முடிவு செய்து கதவைச் சாத்திவிடும். நல்ல ஏற்பாடுதான்.

டைரக்டரியிலிருந்து வரும் எச்சரிக்கைகளை எப்படிப் படிப்பது என்பதை ஒரு சிறிய வழக்கு எனக்குக் கற்பித்தது. கணக்குப் பிரிவு அதிகாரி ஒருவரின் உள்நுழைவுக் கணக்கு தினமும் காலையில் பூட்டிக்கொள்ளும். யாரோ அவருடைய கடவுச்சொல்லைத் தப்பும் தவறுமாகத் திரும்பத் திரும்ப அடிப்பதாக எச்சரிக்கை வரும். வெளியிலிருந்து யாரோ நுழையப் பார்க்கிறார்கள் என்று எல்லோரும் பதறினோம். மேடம் அதை வலப்பக்கம் எழுதினார். கடைசியில் பார்த்தால், அதிகாரி தம் பழைய கைப்பேசியை மனைவிக்குக் கொடுத்திருந்தார். அந்த அம்மா தினமும் காலையில் ஜெபக் கூட்டம் கேட்பதற்கு அதைத் திறந்தவுடன், உள்ளே மறந்துகிடந்த அலுவலக மின்னஞ்சல் பழைய கடவுச்சொல்லோடு எங்கள் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. "பாவம், தட்டத்தானே செஞ்சுது," என்றார் மேடம்.

ஆன்டெனாவின் வழக்கு அவ்வளவு எளிதாக முடியவில்லை.

மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் அது தொடங்கியது. ஒரு மாலை, நுழைவாயில் எழுத்தர்கள் யாராலும் கணினிக்குள் உள்நுழைய முடியவில்லை. கப்பலுக்குப் போக வேண்டிய பெட்டிகளோடு லாரிகள் வாயிலிலிருந்து சாலை வரை நின்றுவிட்டன. எங்கள் திரையில் டைரக்டரி எச்சரிக்கைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன: இரண்டு டைரக்டரி சர்வர்கள் ஒன்றையொன்று நம்ப மறுக்கின்றன, கிளஸ்டரின் ஒரு பாதி மறுபாதியை அடையாளம் தெரியாது என்கிறது.

தொலைபேசி ஒலித்தது. எடைமேடையிலிருந்து மிக்கேல் அண்ணன்.

"ஏளா கனி, என்ன அங்கன தூங்குதியளா? சிஸ்டம் படுத்துட்டு. இங்கன லாரி நிக்கிற நெலயப் பாத்தா ஊருக்குள்ள போயிரும் போலிருக்கு."

"பாத்துட்டிருக்கோம் அண்ணே."

"நீங்க பாத்துட்டே இரிங்க. கப்பலும் உங்களப் பாத்துட்டே போயிரும்."

மிக்கேல் அண்ணன் திரேஸ்புரத்துக்காரர். அவருடைய தம்பி இன்றைக்கும் சங்கு குளிக்கப் போகிறார். இவர் சிறு வயதிலேயே காதில் கோளாறு வந்து கரையில் தங்கிவிட்டார். காதில் கோளாறு என்பதால் எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்து உரக்கப் பேசுவார். உள்ளே வரும் ஒவ்வொரு லாரியும் முதலில் அவருடைய மேடையில் ஏறி எடைபோட்டுச் சீட்டு வாங்க வேண்டும். அதன்பிறகுதான் வாயில்.

நாங்கள் காரணத்தைத் தேடத் தொடங்கிச் சற்று நேரத்தில், எதையும் தொடாமலேயே எல்லாம் சரியாகிவிட்டது. எச்சரிக்கைகள் நின்றன. லாரிகள் நகர்ந்தன. பொது மேலாளர் கீழிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். மேடம் மட்டும் பலகையைப் பார்த்தபடி நின்றார்.

"தானா வந்தது தானாப் போனா, திரும்பவும் தானா வரும்," என்றார்.

வந்தது. சில நாள் இடைவெளியில் ஒரு மாலை, பிறகு இரண்டு வாரம் ஒன்றுமில்லை, பிறகு மீண்டும். ஒவ்வொரு முறையும் மாலையில். ஒவ்வொரு முறையும் நாங்கள் கை வைக்கும் முன்பே குணமாகிவிடும். மின்சாரம், கேபிள், சுவிட்சு, வட்டுகள் என ஒவ்வொன்றாகச் சோதித்து நீக்கினோம். சுவிட்சின் துளைகளில் உப்பு பூத்திருப்பதைக் கண்டு ஒரு நாள் மகிழ்ந்தோம். புதிய சுவிட்சைப் பொருத்திய வாரத்திலேயே கிளஸ்டர் மறுபடி விழுந்தது.

அந்தச் சமயத்தில் பொது மேலாளர் மேடத்தை அழைத்தார். நானும் உடன் இருந்தேன். அவர் குரலை உயர்த்துகிறவர் அல்லர். "இந்த அறையை அமைத்தவர் நீங்கள். இன்னொரு முறை வாயில் நின்றால், சென்னையிலிருந்து வரும் நிறுவனத்திடம் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிடுவோம். அவர்கள் தங்கள் ஆட்களோடு வருவார்கள்," என்று எழுத்துத் தமிழிலேயே சொன்னார். மனப்பாடம் செய்துகொண்டு வந்திருக்க வேண்டும். மறுநாளே இரண்டு இளைஞர்கள் வந்து, அளவு நாடாவால் எங்கள் அறையை நீளவாக்கிலும் குறுக்காகவும் அளந்தார்கள். மேடத்தின் நாற்காலியை நகர்த்தச் சொல்லி அதன் அடியிலும் அளந்தார்கள். அவர் எழுந்து நின்று இடம் கொடுத்தார்.

எனக்கு வேறு ஊரில் வேறு வேலை கிடைத்திருக்கும். மேடத்துக்கு அப்படி இல்லை. நாசரேத்தை விட்டு வரமாட்டேன் என்கிற தாய்க்காகச் சென்னை வேலைகளை வேண்டாமென்று சொன்னவர். நாசரேத்திலிருந்து நாள்தோறும் பேருந்தில் வந்து போகிற தூரத்தில், அவர் செய்யத் தெரிந்த வேலைக்கு இந்த ஒரு குளிரறைதான் இருந்தது.

அந்த வாரம் நான் பதிவுகளை அச்செடுத்து வாசிக்கத் தொடங்கினேன். சர்வர்கள் தமக்கு நேர்வதையெல்லாம் வரிவரியாக எழுதி வைக்கும். ஒவ்வொரு வரிக்கும் ஒரு வரிசை எண், ஒரு நேரம், ஒரு செய்தி. திரையில் இவற்றைத் தேடுவார்களே தவிர யாரும் வாசிப்பதில்லை. எனக்கு வாசிக்கப் பிடித்திருந்தது. கல்லூரி நாட்களிலேயே எதையும் முதல் வரியிலிருந்து படிக்கிற பழக்கம் உண்டு. தேடலில் நாம் கேட்டது மட்டுமே கிடைக்கும் என்பதால் வேண்டியது நழுவிவிடுமோ என்ற அச்சமும் உண்டு.

இரண்டாம் நாள், ஓரிடத்தில் நின்றுவிட்டேன். வரிசை எண்கள் ஒழுங்காக ஏறிக்கொண்டிருந்தன. ஆனால் ஒரு வரியின் நேரம், அதற்கு முந்தைய வரியின் நேரத்தைவிடக் குறைவாக இருந்தது. பின்னால் எழுதப்பட்ட வரி, முன்னால் நடந்ததாகச் சொன்னது. அச்சுப்பிழை என்று நினைத்தேன். இயந்திரத்துக்கு ஏது அச்சுப்பிழை? கிளஸ்டர் விழுந்த மற்ற மாலைகளின் தாள்களை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் ஓரிடத்தில் காலம் ஒரு படி பின்னால் இறங்கி, சற்றுக் கழித்து ஒரு படி முன்னால் ஏறியது. கிளஸ்டர் விழுந்தது இறங்கிய சிறிது நேரத்தில். எழுந்தது ஏறியபின்.

தாளை எடுத்துப்போய் மேடத்திடம் வைத்தேன். விரலால் அந்த வரியைத் தொட்டுக் காட்டினேன். முணுமுணுப்பு நின்றது.

"இது எந்தப் பக்கம்?" என்றார்.

"இடப்பக்கம் மேடம். பார்த்தது."

அவர் எழுந்து பலகையில் ஒரு கேள்வியை மட்டும் எழுதினார்: 'நேரம் யாரிடம் கேட்கிறோம்?'

அந்தக் கேள்வியைப் பின்பற்றிச் சென்றோம். கிளஸ்டர் சர்வர்கள் தங்கள் நேரத்தை டைரக்டரியிடம் கேட்டுச் சரிசெய்துகொள்கின்றன. இரண்டு டைரக்டரி சர்வர்களில் ஒன்று மற்றதிடம் கேட்கிறது. அந்த மற்றது யாரிடம் கேட்கிறது? முன்பெல்லாம் இணையத்திடம் கேட்டது. அந்த ஆண்டு வந்த தணிக்கையாளர்கள், சர்வர்கள் இணையத்தைத் தொடக்கூடாது என்று அந்த வழியை மூடிவிட்டார்கள். அதற்கு மாற்றாக மேடம் செயற்கைக்கோளிலிருந்து நேரம் வாங்கும் ஓர் ஆன்டெனாவை வரவழைத்தார். சர்வர் அறைக்கு வானம் தெரியாது. சுவரைத் துளைக்காமல் கேபிள் இறக்க, நான்கு பக்கமும் வானம் தெரிகிற கூரை எடைமேடைச் சாவடியில்தான் இருந்தது. ஆகவே ஆன்டெனாவை அங்கே வைத்து, அங்கிருந்த கணினியில் பொருத்தி, நேரத்தை அந்தக் கணினியிடம் கேட்கும்படி டைரக்டரிக்குச் சொல்லியிருந்தார். நன்றாக யோசித்துச் செய்த ஏற்பாடு. நான்தான் ஏணியைப் பிடித்தேன்.

"அந்தக் கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறு. போய்ப் பாப்போம்," என்றேன்.

"அது வலப்பக்கம்," என்றார் மேடம். "சாயங்காலமா போவோம். விழுறப்ப பாக்கணும்."

அன்று கொழும்பு செல்லும் கப்பலுக்குப் பெட்டிகளை ஏற்றுக்கொள்ளும் கடைசி நாள். மாலை ஆறு மணி கெடு. அதைக் 'கட் ஆஃப்' என்பார்கள். எடைச் சீட்டில் ஆறு மணிக்கு முந்தைய நேரம் இருந்தால் பெட்டி கப்பலுக்குப் போகும். தாண்டிவிட்டால் அடுத்த கப்பல்வரை கிடக்க வேண்டியதுதான். அதுவரை லாரிக்கு ஆகும் செலவு பெரும்பாலும் ஓட்டுநர் தலையில் விழும். நானும் மேடமும் சாவடிக்குள் நுழைந்தபோது மிக்கேல் அண்ணன் இருவருக்கும் நாற்காலி போட்டார்.

"மேடம் இங்கன வந்திருக்கியள்! ஸ்வெட்டர கழட்டுங்க, வெந்துருவிய."

ஆறு மணி தாண்டியது. வெளியே ஒரு லாரி இரைந்துகொண்டு மேடையில் ஏறி நின்றது. ஓட்டுநர் குதித்து ஓடிவந்தார். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"அண்ணே, ராஜபாளையத்துலருந்து வாரேன். நூல் லோடு. ரயில்வே கேட்ல போட்டுட்டான் அண்ணே, ரெண்டு கூட்ஸ் போச்சு. பாத்துச் செய்யுங்க."

"மூச்ச விடுலே முதல்ல. வண்டி நவண்டுரும், ஹேண்ட்பிரேக்கப் போடு."

இப்படிச் சொல்லிக்கொண்டே மிக்கேல் அண்ணன் திரைக்குப் பின்னால் கையை விட்டார். பார்க்காமலேயே, இரண்டு விரல்களால், ஆன்டெனாவின் கேபிளை உருவினார். பிறகு திரையின் மூலையில் இருந்த கடிகாரத்தைச் சொடுக்கி, அதைக் கெடுவுக்கு முன்னால் நகர்த்தினார். எடை போட்டார். சீட்டு வெளியே வந்தது. கிழித்து ஓட்டுநரிடம் கொடுத்தார். பூக்காரர் பூவை முழம் போட்டு அறுப்பதைப்போல இயல்பாக இருந்தது.

நான் வாயைத் திறந்தேன். மேடம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவர் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிக்கேல் அண்ணே," என்றார் பிறகு, மிக மெதுவாக. "என்ன செஞ்சீங்க இப்ப?"

"மிக்கேல் நேரம் மேடம்." அவர் எங்கள் முகங்களைப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியாதா? கேட்ல படுத்துக்கெடக்க நாய்க்குக்கூடத் தெரியுமே! நான் வந்த நாள்லருந்து உள்ளதுதான். ஒரு பத்து நிமிசம், கால் மணி நேரம். கப்பல் என்ன ஆறு மணி அடிச்ச ஒடனே கெளம்பிப் பறந்தாபோவுது? விடியக்காலம் வர இங்கனதான கெடக்கு. ஒரு வண்டி, ரெண்டு வண்டிக்குத்தான். அப்புறம் திருப்பி வச்சிருவேன்."

"கேபிள ஏன் உருவுனீங்க?"

"அத ஏன் கேக்கிய! நீங்க அந்தக் குடைய மாட்டுன பெறவு கடியாரத்துக்குக் கிறுக்குப் பிடிச்சிட்டு. நான் பின்னால வச்சா அது முன்னால ஓடுது. உருவிட்டு வச்சாத்தான் அடங்குது."

மேடம் கண்களை மூடிக்கொண்டார். முனையத்தில் இருந்த அத்தனை கடிகாரங்களிலும், வழக்கமாகவும் அன்போடும் தவறாக வைக்கப்படுகிற ஒரே கடிகாரத்தை அவர் தேர்ந்தெடுத்து, மற்ற எல்லாவற்றையும் அதனிடம் நேரம் கேட்கச் சொல்லியிருந்தார். கேபிள் இல்லாத அந்தக் கணினியிடம் டைரக்டரி வந்து கேட்கும். அது மிக்கேல் நேரத்தைச் சொல்லும். ஒரு சர்வர் பின்னால் போகும், இன்னும் நேரம் கேட்டிராத மற்றொன்று போகாது. ஐந்து நிமிட விதி கதவைச் சாத்தும். சில நாட்களில் டைரக்டரி கேட்க வருவதற்குள் அவர் கடிகாரத்தைத் திருப்பி வைத்திருப்பார். அந்த நாட்களில் ஒன்றும் ஆகாது.

அன்று டைரக்டரி கேட்டுவிட்டது. சீட்டோடு போன அதே நூல் லாரி, வாயிலில் மாட்டிக்கொண்டு நின்றது. எழுத்தர் சன்னலுக்கு வெளியே இரண்டு கைகளையும் விரித்தார்.

"படுத்துட்டு!" என்று கத்திய மிக்கேல் அண்ணன், பழக்கத்தில் தொலைபேசியை எடுத்து எங்கள் அறையின் எண்ணை அழுத்தினார். அறையில் ஆளில்லாதபோது அந்த அழைப்பு மேடத்தின் கைப்பேசிக்கு வரும். அது அவருடைய கைப்பைக்குள், மிக்கேல் அண்ணனின் முழங்கைக்கு அருகில் ஒலித்தது.

மேடம் அதை எடுத்துக் காதில் வைத்தார். "சொல்லுங்க அண்ணே."

மிக்கேல் அண்ணன் தொலைபேசியைப் பார்த்தார். மேடத்தைப் பார்த்தார். திரைக்குப் பின்னால் தொங்கிய கேபிளைப் பார்த்தார். அவர் முகத்தில் புரிதல் பரவியதை நான் கண்டேன். அது வேடிக்கையாக இல்லை.

"அப்ப இத்தன நாளும் நான்தானா மேடம்? நான் புண்ணியம்னு செஞ்சதுதான் வாசல அடைச்சுதா?"

"கேபிள மாட்டுங்க அண்ணே," என்றார் மேடம்.

அவர் மாட்டினார். சிறிது நேரத்தில் வாயில் திறந்தது. நூல் லாரி கப்பலுக்குப் போனது. ஆனால் வாயில் நின்றதைப் பொது மேலாளர் தம் அறைச் சன்னலிலிருந்து பார்த்துவிட்டார்.

மறுநாள் காலை அவருடைய அறையில் மேடமும் நானும் அமர்ந்திருந்தோம். சென்னை நிறுவனத்தின் ஒப்பந்தத் தாள்கள் மேசைமேல் தயாராக இருந்தன.

"காரணம் தெரிந்ததா?"

"தெரிஞ்சுட்டு சார். நேரத்தை நான் தப்பான இடத்துல வாங்கினேன். எடைமேடைக் கம்ப்யூட்டர்கிட்ட வாங்கியிருக்கக்கூடாது. இன்னைக்கே மாத்திருவேன்."

"அந்தக் கணினியின் நேரம் ஏன் மாறியது?"

"மாத்தினாங்க."

"யார்? நீங்கள் பார்த்தீர்களா?"

மேடத்தின் நிலை எனக்கு விளங்கியது. எடைச் சீட்டு சட்டப்படியான ஆவணம். அதில் நேரத்தைத் திருத்துகிறவரை ஒரு நாள்கூட வேலையில் வைத்திருக்க முடியாது. இன்னொரு பக்கம், பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொல்ல அவரால் இயலாது. அந்த அறையில் எங்கள் யாரையும் அவர் செய்யவிடாத ஒரே காரியம் அது.

"பார்த்தேன் சார்," என்றார். "சொல்லமாட்டேன்."

பொது மேலாளர் ஒப்பந்தத் தாள்களைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். பேனாவின் மூடியைக் கழற்றினார்.

அறைக் கதவு பாதிக்குமேல் கண்ணாடி. அதற்கு வெளியே, வராந்தாவில், மிக்கேல் அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்தார். வெகுநேரமாக நின்றிருக்க வேண்டும். அவருடைய கை கதவைத் தட்ட எழுவதும் இறங்குவதுமாக இருந்தது. நான் கூட்டங்களில் பேசுகிறவள் அல்லள். எழுந்து போய்க் கதவைத் திறந்தேன்.

"நாந்தான் சார்," என்றார் அவர், உள்ளே வந்ததும் வராததுமாக. அவருடைய வழக்கமான குரலில். கட்டடம் முழுவதும் கேட்டிருக்கும். "கடியாரத்த மாத்துனது நாந்தான். வருசக்கணக்கா மாத்துதேன். அதனாலதான் சிஸ்டம் படுக்குன்னு எனக்கு நேத்துதான் சார் தெரியும். மேடத்த ஒண்ணும் சொல்லாதிய."

"அது குற்றம் என்று தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும் சார்." ஓரடி முன்னால் வந்தார். "அந்த மொளகாய்க்காரங்க பெட்டி லேட்டா வந்த அன்னைக்கு நீங்க போன் போட்டியள்லா? 'மிக்கேலு, கொஞ்சம் பாத்து விடு'ன்னு சொன்னியளே சார். எப்படிப் பாத்து விட்டேன்னு நெனச்சிய? இதே கடியாரந்தான்."

பொது மேலாளர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்து, முதன்முறையாகப் பேச்சுத் தமிழில், "ஏம்மா, அந்த ஏசியக் கொஞ்சம் கூட்டு," என்றார்.

நான் கூட்டினேன். பேனாவின் மூடி திரும்பப் போடப்பட்டது.

அதன்பின் நடந்தவை சுருக்கமானவை. ஆன்டெனா சாவடியிலிருந்து தண்ணீர்த் தொட்டியின்மேல் ஏறியது. சுவரைத் துளைத்து, கேபிள் நேராக எங்கள் அறைக்கே வந்தது. அட்டையை நான் எழுதிக் கட்டினேன். எடைமேடைக் கடிகாரத்தை யாரும் மாற்ற முடியாதபடி பூட்டினோம். தாமதமாக வரும் பெட்டிகளுக்கு, பொது மேலாளரின் ஒப்புதலோடு, தாமதம் என்று வெளிப்படையாகப் பதிந்து உள்ளே விடும் முறை ஒன்றை அவரே ஏற்படுத்தினார். ஒப்பந்தத் தாள்கள் சென்னைக்குத் திரும்பின. மேடம் தம் நாற்காலியைப் பழைய இடத்துக்கு நகர்த்திக்கொண்டார். கிளஸ்டர் அதன்பிறகு அந்தக் காரணத்தால் விழவில்லை.

கட் ஆஃப் நாட்களில் பொது மேலாளருக்கு மாலைநேரத் தொலைபேசிகள் வரத் தொடங்கின. முதலில் ஒவ்வொரு பெட்டிக்கும் காரணம் கேட்டார். பிறகு, "சரி, விடு," என்று மட்டும் சொல்லலானார். லாரிக்காரர்கள் அதையும் மிக்கேல் நேரம் என்றே அழைத்தார்கள். மிக்கேல் அண்ணனுக்கு மட்டும் அது வேறாக இருந்தது. ஒரு மாலை, பொது மேலாளர் ஏதோ திருமணத்தில் இருந்தார். கைப்பேசியை அணைத்து வைத்திருந்தார். ஏரல் பக்கத்து ஓட்டுநர் ஒருவர் வாழைநார்ப் பொருட்கள் ஏற்றிய பெட்டியோடு கெடு தாண்டி வந்து நின்றார். மிக்கேல் அண்ணன் மீண்டும் மீண்டும் எண்ணை அழுத்தினார். பதில் இல்லை. பெட்டி தங்கிவிட்டது. அவர் அந்த ஓட்டுநரைச் சாலையோரக் கடைக்கு அழைத்துப்போய்ப் பரோட்டா வாங்கிக் கொடுத்து, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தார். தேநீருக்குப் போன நான் பார்த்தேன். இது சரியா, முன்பு இருந்தது சரியா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. வலப்பக்கத்தில் எழுதவும் என்னிடம் ஒன்றும் இல்லை.

ஓராண்டு கழித்து நான் வேலையை விட்டேன். காரணம் கேட்டவர்களிடம், பதிவுகளை வாசிப்பதுபோல மற்ற எழுத்துகளையும் வாசிக்க விரும்புகிறேன் என்றேன். அவர்களுக்கு அது காரணமாகப் படவில்லை. மேடம் மட்டும் தலையசைத்தார்.

ஆகவே பெனாசிர், கழற்றலாம். உங்கள் கிளவுடு தனக்கான நேரத்தை எங்கோ கேட்டுக்கொள்ளும். தொட்டியின்மேல் அந்தக் குடைக்கு இனி வேலையில்லை. கழற்றும் முன், புதிய ஏற்பாடு யாரிடம் நேரம் கேட்கிறது என்பதை மட்டும் நீயே போய்ப் பார்த்துவிடு. கேட்டுத் தெரிந்துகொள்ளாதே. நின்று பார். அட்டையை எனக்கு அனுப்பி வை.

வழியனுப்பு நாளில், மாலைக்கும் பொன்னாடைக்கும் பிறகு, சுவர்க் கடிகாரத்தை என்னிடம் கொடுத்தவர் மிக்கேல் அண்ணன். "பேட்டரி போட்டு, நேரம் வச்சு, ரெடியாத் தந்திருக்கேன். சும்மா மாட்டினாப் போதும்," என்றார். விடுதி அறையில் ஆணியடித்து மாட்டியபோதுதான் கவனித்தேன். அது சரியாகப் பத்து நிமிடம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது.

நான் அதைத் திருத்தவில்லை. வகுப்புக்குக் கைப்பேசியைப் பார்த்துப் புறப்படுகிறேன். அறைக்கு வருகிற தோழிகளிடம், சுவரைப் பார்த்து எழுந்திருக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.